கம்யூனிட்டி காலேஜுக்குப் பிறகு வரலாற்றுப் பட்டம்: கலிஃபோர்னியாவில் எந்த வாசல் வழியாகப் போவது?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறி, வரலாற்றில் பி.ஏ. முடிக்க நினைக்கும் மாணவருக்கு நான்கு வழிகள் உண்டு. மாறிப் போவதற்கென்றே வகுக்கப்பட்ட இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தோடு, கால் ஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (சி.எஸ்.யு.) வளாகம் ஒன்றுக்குப் போகலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எனப்படும் யு.சி.யின் ஆறு வளாகங்களில் ஒன்றில் முன்கூட்டியே இட உத்தரவாதம் வாங்கிக்கொண்டு போகலாம். உத்தரவாதம் தராத யு.சி. வளாகங்களான பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியேகோ மூன்றுக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அல்லது தனியார் பல்கலைக்கழகத்தை நாடலாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தால், காப்பி ஆறுவதற்குள் அது தரவரிசைப் பேச்சாகிவிடும். எது பெரிய பெயர்? பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போனான்? கணினி அறிவியலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். வரலாற்றுக்குச் செல்லாது என்பது என் கட்சி. மாறிப் போகும் மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பது இரண்டே ஆண்டுகள். அதற்குள் தனக்கேற்ற பேராசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஆவணக் காப்பகத்தில் உட்காரப் பழக வேண்டும், நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதி முடிக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளைச் சிந்தாமல் சிதறாமல் எந்த வளாகம் கொடுக்கிறதோ அதுவே அந்த மாணவருக்கு நல்ல வளாகம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரே அளவுகோலில்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. கம்யூனிட்டி காலேஜ் வழியாக வருவதால் மிகக் குறைவாக இழக்கும் துறைகளில் வரலாறும் ஒன்று. கணினி அறிவியல் மாணவர் கால்குலஸ் வரிசை, இயற்பியல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்று சங்கிலியாக வரும் பாடங்களை முடித்தாக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி தவறினால் ஓராண்டு போய்விடும். வரலாற்றுக்கு அந்தச் சங்கிலி இல்லை. அமெரிக்க வரலாறு முழுமையாக, அதோடு உலக வரலாறோ மேற்கத்திய நாகரிகமோ முழுமையாக முடித்திருந்தால் பெரும்பாலான வளாகங்கள் கேட்கும் அடிப்படை ஏறத்தாழ நிறைவேறிவிடும். கணிதத் தேவைக்குப் புள்ளியியல் போதும். இந்தப் பாடங்களை நடத்தாத கம்யூனிட்டி காலேஜைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செலவுக் கணக்கும் எளிது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவின் அலகு) 46 டாலர் என்பது 2012 முதல் மாறாத கட்டணம். மாறிப் போகத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்கு 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுவும் தள்ளுபடியாகும். யு.சி.யில் 2025-26இல் சேரும் மாநிலவாசிக்குப் பொதுக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டாலர். தங்குமிடம், உணவு சேர்த்தால் 40,000 டாலரைத் தாண்டும். ஆக, முதல் இரண்டு ஆண்டுகளை கம்யூனிட்டி காலேஜில் வீட்டிலிருந்தபடி முடிப்பவர் மிச்சம் பிடிப்பது சிறு தொகை இல்லை. ‘நேராக நாலு வருடக் கல்லூரியில் சேர முடியாதவர்கள் போகும் இடம்’ என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960ஆம் ஆண்டு மாஸ்டர் பிளான் இந்த மாநிலத்தின் உயர்கல்வியை மூன்று அடுக்காக வகுத்தபோதே, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்கு ஏறும் படிக்கட்டையும் சேர்த்தே கட்டியது. இரண்டு புதுமுக மாணவருக்கு, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் ஒரு மாற்று மாணவர் என்பது இன்றைக்கும் யு.சி.யின் இலக்கு. ஆகவே இந்த வழியில் வருபவர் யாரிடமும் சலுகை கேட்டு நிற்கவில்லை.

எந்த வழியில் போனாலும் முதலில் உட்கார வேண்டிய இடம் அசிஸ்ட் இணையதளம். மாநிலத்தின் எந்த கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யு.சி., சி.எஸ்.யு. பாடத்துக்கு ஈடாகும் என்பதற்கு அதுதான் அதிகாரபூர்வ ஏடு. கல்லூரி, பல்கலைக்கழகம், ஆண்டு மூன்றையும் கொடுத்து, மேஜர் (முதன்மைப் பாடம்) பட்டியலில் வரலாறைத் தட்டினால் இரண்டு பத்திகள் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். வலப்பக்கப் பாடங்கள் இரண்டுக்கு நடுவில் சின்ன எழுத்தில் ‘ஆண்ட்’ என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் கணக்கில் வரும். ‘ஆர்’ என்று இருந்தால் ஏதாவது ஒன்று போதும். ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று இருந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடே இல்லை என்று பொருள். பயப்பட வேண்டாம், அந்தப் பாடத்தைப் போய்ச் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கான இடம் அதற்குப் போய்விடும்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குப்பர்ட்டினோவின் டி ஆன்சாவும் லாஸ் ஆல்ட்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில்லும் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகள். ஃப்ரீமாண்டின் ஓலோனி, ஆண்டுக்கு இரண்டு பருவம் கொண்ட செமஸ்டர் முறை. டி ஆன்சாவில் அமெரிக்க வரலாறு மூன்று துண்டாக வருகிறது, செமஸ்டர் கல்லூரியில் இரண்டு துண்டாக. மூன்றில் இரண்டை முடித்த மாணவர் வீடு மாறியதாலோ நேரம் ஒத்துவராததாலோ செமஸ்டர் கல்லூரிக்குத் தாவினால், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம் பாதி படித்ததும் படிக்காததுமாக நிற்கும். ஒரு வரிசையைத் தொடங்கிய கல்லூரியிலேயே அதை முடித்துவிடுங்கள். வெவ்வேறு கல்லூரிகளில் வெவ்வேறு பாடம் எடுப்பதில் தவறில்லை. ஒரே வரிசையை உடைப்பதில்தான் சிக்கல்.

சி.எஸ்.யு. வழியை எடுத்துக்கொள்வோம். 2010இல் நிறைவேறிய சட்டத்தின்படி வந்த மாற்று அசோசியேட் பட்டத்தை எல்லோரும் ஏ.டி.டி. என்றே சொல்கிறார்கள். வரலாற்றில் அந்தப் பட்டத்தை 60 யூனிட்டில் முடித்தால் சி.எஸ்.யு. அமைப்புக்குள் இடம் உறுதி. ஒத்த பட்டப்படிப்பில் சேர்ந்தால் அங்கே இன்னும் 60 யூனிட்டுக்கு மேல் கேட்கவும் கூடாது. இரண்டு ஆண்டில் முடியும் என்று சட்டமே கைகொடுப்பது இந்த வழியில்தான். என் அளவுகோலில் இது பெரிய மதிப்பெண். ஆனால் உத்தரவாதம் அமைப்புக்குத்தான், நீங்கள் கேட்கும் வளாகத்துக்கு இல்லை. சான் டியேகோ ஸ்டேட், சான் லூயிஸ் ஒபிஸ்போ போன்று நெரிசல் மிகுந்த வளாகங்களில் குறைந்தபட்சமான 2.0 ஜி.பி.ஏ.வோடு (சராசரி மதிப்பெண்) போய் நின்றால் கதவு திறக்காது. கட்டணம் 2025-26இல் ஆண்டுக்கு 6,450 டாலர், வளாகக் கட்டணங்கள் தனி. 2024 முதல் ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் ஏறிவருகிறது. ஏறினாலும் யு.சி.யில் பாதிகூட இல்லை. சான் ஹோஸே ஸ்டேட்டுக்கோ ஹேவர்டிலுள்ள ஈஸ்ட் பேவுக்கோ வீட்டிலிருந்து ரயிலிலோ காரிலோ போய்வர முடிந்தால் விடுதிச் செலவும் மிச்சம்.

சி.எஸ்.யு.வை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. வரலாற்றில் அதற்கு நியாயமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் தொழிற்சங்க ஆவணங்களுக்கென்றே ஒரு காப்பகம் 1985 முதல் இயங்குகிறது. துறைமுகத் தொழிலாளர் வரலாறு எழுத விரும்பும் மாணவருக்கு அது புதையல். ஃபுல்லர்ட்டனில் வாய்மொழி வரலாற்று மையம் 1968இலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப்போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களின் நேர்காணல்கள் அங்கே இருக்கின்றன. டேப் போட்டுக் கேட்டு, எழுத்தில் இறக்கி, ஒரு முதியவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்று குறித்துக்கொள்ளும் பயிற்சி ஒரு இளங்கலை மாணவருக்குக் கிடைப்பது பெரிய விஷயம். பெயர்பெற்ற பல வளாகங்களில் அந்த வேலை முதுகலை மாணவர்களோடு நின்றுவிடும்.

பள்ளி ஆசிரியராக வேண்டும் என்ற தெளிவு இருந்தால் சி.எஸ்.யு.வைத் தாண்டி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பேன். கலிஃபோர்னியாவில் வேறு எந்த அமைப்பையும் விட அதிக ஆசிரியர்களைத் தயாரிப்பது அதுதான். இங்கே உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கத் தேவைப்படும் உரிமத்தின் பெயர் சோஷியல் சயன்ஸ்; வரலாற்றுக்கென்று தனி உரிமம் கிடையாது. பத்தாம் வகுப்பில் உலக வரலாறு, பதினொன்றில் அமெரிக்க வரலாறு, பன்னிரண்டில் அரசியலும் பொருளாதாரமும் எல்லாம் அந்த உரிமத்துக்குள் வரும். ஆகவே தனி வரலாற்றுப் பட்டத்தோடு போய் உரிமத் தேர்வில் பொருளாதாரக் கேள்விக்கு விழிப்பதைவிட, ஆசிரியர் தயாரிப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட பாடத்தொகுப்பு இருக்கும் சி.எஸ்.யு. வளாகத்தைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது டேக் எனப்படும் இட உத்தரவாதம். டேவிஸ், எர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு முன்கூட்டியே இட உத்தரவாதம் தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம். மற்ற வளாகங்களுக்குச் சாதாரண விண்ணப்பம் போடத் தடையில்லை. கேட்கும் ஜி.பி.ஏ. வளாகத்துக்கு வளாகம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மெர்செட், ரிவர்சைட் பக்கம் 3.0 ஒட்டியும், சான்டா பார்பரா, எர்வைன் பக்கம் 3.4 ஒட்டியும் இருக்கும். கணினி அறிவியலை டேக்குக்கு வெளியே வைத்திருக்கும் வளாகங்கள் உண்டு. வரலாறு உள்ளே இருக்கிறது. சிலர் டேக்கை இழப்பது மதிப்பெண்ணால் இல்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையோ கணிதத்தையோ ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இறுதிப் பருவத்துக்குத் தள்ளி வைப்பதால்தான். அந்த இரண்டும் மாறிப் போவதற்கு முந்தைய இலையுதிர் பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஆறும் ஒன்றுபோல இல்லை. சான்டா பார்பராவின் வரலாற்றுத் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், அரசு நிறுவனங்கள் போன்ற பொது இடங்களில் வரலாற்றாளர் வேலை செய்வதற்கான ‘பொது வரலாறு’ பயிற்சியை 1976இல் தொடங்கிய துறை. வரலாற்றைப் படித்துவிட்டுப் பேராசிரியராக விரும்பாத, ஆனால் வரலாற்றிலேயே வேலை செய்ய விரும்பும் மாணவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான். டேவிஸ் தெற்காசியக் குடியேற்ற வரலாற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு ஏற்றது. யூபா சிட்டி, இம்பீரியல் பள்ளத்தாக்குப் பகுதிகளில் நூறு ஆண்டுக்கு முன் வேர்விட்ட பஞ்சாபி விவசாயிகளைப் பற்றிய டிஜிட்டல் ஆவணத் தொகுப்பு அங்கேதான் உருவானது. எர்வைனின் நூலகத்தில் 1987 முதல் தென்கிழக்காசிய அகதிகளின் ஆவணங்கள் சேர்க்கப்பட்டுவருகின்றன. ரிவர்சைடில் மாநிலத்தின் நீர்வள வரலாற்றுக் காப்பகம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் வரலாறே தண்ணீர்ச் சண்டையின் வரலாறு என்பதால், காவிரியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அங்கே சொந்த ஊரில் இருப்பது போலவே இருக்கும். மெர்செட் 2005இல் திறந்த இளம் வளாகம். அளவில் சிறியது என்பதால் பேராசிரியர் அறை வாசலில் வரிசை குறைவு. அதைப் பாலைவனம் என்று கேலி செய்பவர்கள் பெரும்பாலும் போய்ப் பார்த்ததில்லை.

இந்த ஆறில் ஐந்து வளாகங்கள் குவார்ட்டர் முறை. மெர்செட் மட்டும் செமஸ்டர். உத்தரவாதம் இல்லாத மூன்றில் பெர்க்லி செமஸ்டர், மற்ற இரண்டும் குவார்ட்டர். குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் தரவரிசையைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குவார்ட்டர் என்றால் பத்து வார வகுப்பு, பதினோராவது வாரம் தேர்வு. செமஸ்டர் ஏறத்தாழ பதினைந்து வாரம். ஃப்ரீமாண்டிலிருந்து பதினைந்து வார நடைக்குப் பழகிய பிள்ளை செப்டம்பர் கடைசியில் சான்டா குரூஸ் மலையில் போய் இறங்குகிறார். முதல் வாரம் பாடத்திட்டத் தாள் கைக்கு வருகிறது. வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று அதில் இருக்கிறது. புத்தகக் கடையில் அவற்றை வாங்கி அடுக்கும்போதே இரண்டாம் வாரம் வந்துவிடும். மூன்றாம் வாரம் கட்டுரைத் தலைப்பு கொடுக்க வேண்டும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மிட்டெர்ம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பருவத்தில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர் இந்த ஓட்டத்துக்குப் பழக இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டிருப்பார். மாற்று மாணவருக்கு அந்த ஒத்திகை கிடையாது. வந்த முதல் பருவத்திலேயே மேல்நிலைப் பாடங்கள். முதல் குவார்ட்டரில் மதிப்பெண் சரிவது அவ்வளவு சகஜம் என்பதால் மாற்று மாணவர் அதிர்ச்சி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டில் குவார்ட்டர் முறை ஆறு பருவங்கள் தரும், செமஸ்டர் நான்கே. ஆறு பருவம் என்றால் அதிகப் பேராசிரியர்களைப் பார்க்கலாம், ஒட்டோமான் வரலாறு பிடிக்கவில்லை என்றால் பத்து வாரத்தில் விடுபட்டு ஆப்பிரிக்க வரலாற்றைத் தொட்டுப் பார்க்கலாம். இன்னும் எதில் ஈடுபாடு என்று தெரியாத மாணவருக்குக் குவார்ட்டர் லாபம். எதை எழுதப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு வரும் மாணவருக்கு ஒரே பேராசிரியரோடு பதினைந்து வாரம் உட்காரும் செமஸ்டர் லாபம். டி ஆன்சாவிலிருந்தோ ஃபுட்ஹில்லிலிருந்தோ வருபவர்களுக்கு பத்து வார ஓட்டம் ஏற்கெனவே பழக்கம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

“பெர்க்லி கிடைத்தால் பெர்க்லிதானே, அண்ணா? அதில் என்ன யோசனை?” என்று கேட்கும் தாய்மாரிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் ஆசை அவளுக்கு இருக்கிறதா, அம்மா?” பெர்க்லியில் வரலாறு மேஜர் எடுப்பவர் ‘103’ என்ற எண்ணுள்ள வாசிப்புக் கருத்தரங்கையும், ‘101’ என்ற எண்ணுள்ள ஆய்வுக் கட்டுரைக் கருத்தரங்கையும் கடந்தாக வேண்டும். 101இல் மூல ஆவணங்களைக் கொண்டு முப்பது பக்கத்துக்கும் மேல் எழுத வேண்டும். அதை விரும்பிச் செய்பவருக்கு அந்த வளாகம் சொர்க்கம். வளாகத்தின் நடுவிலேயே பான்கிராஃப்ட் நூலகம். 1913இல் இந்த மேற்குக் கரையில் இந்திய விடுதலைக்காகப் பிறந்த கதர் கட்சி பற்றிய ஆவணங்கள் உட்பட, வட அமெரிக்கத் தெற்காசியர் தொகுப்பு பெர்க்லி நூலகத்தில் இருக்கிறது. தமிழும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்கத் தமிழர் திரட்டிய நிதியில் எழுந்த தமிழ் இருக்கை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. தமிழக வரலாற்றை மூல மொழியில் படித்து எழுத நினைக்கும் மாணவருக்கு மாநிலத்தில் இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் சொல்ல மாட்டேன். அந்த ஆசை இல்லாமல், அங்கியில் பெர்க்லி என்று எழுதியிருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் போகிறவருக்கு அதே 101 ஒரு பருவம் முழுக்கத் தலைவலி.

இடம் கிடைப்பது எவ்வளவு கடினம்? பெர்க்லியிலும் யு.சி.எல்.ஏ.யிலும் விண்ணப்பிக்கும் மாற்று மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது. சேர்பவர்களின் ஜி.பி.ஏ. பெரும்பாலும் 3.7க்கு மேல். துறைவாரியான சேர்க்கைக் கணக்கை யு.சி. ஆண்டுதோறும் வெளியிடுகிறது, மொத்த விகிதத்தைப் பார்த்து மிரளாமல், வரலாற்று வரியைத் தேடிப் பாருங்கள். யு.சி.எல்.ஏ.வை நோக்குபவர் தன் கல்லூரியில் டி.ஏ.பி. எனப்படும் ஆனர்ஸ் ஏற்பாடு இருக்கிறதா என்று முதல் பருவத்திலேயே விசாரிக்க வேண்டும். அதை முடித்தவர்களுக்கு அங்கே முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. இதில் காலம் கடந்து விழித்துக்கொண்டால் பயனில்லை.

மேற்படிப்பு எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு கசப்பான கணக்கு. வரலாற்றில் பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. 2026 இலையுதிர் பருவத்தில் மாறிச் சேரும் மாணவர் இடைவெளி இல்லாமல் மேலே போக வேண்டுமானால் 2027 டிசம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அவரைத் தெரிந்த பேராசிரியர்கள் என்று எத்தனை பேர் இருப்பார்கள்? ஆய்வுக் கட்டுரை பாதியில் நிற்கும். சிபாரிசுக் கடிதம் எழுதச் சொன்னால், ‘இந்த மாணவர் என் வகுப்பில் நன்றாகப் படித்தார்’ என்ற இரண்டு வரிக்கு மேல் எழுத அவர்களிடம் எதுவும் இருக்காது. ஆகவே பட்டம் முடித்து ஓராண்டு கழித்து விண்ணப்பிப்பதாகவே திட்டம் போடுங்கள். அந்த ஓராண்டை வீட்டார் வேலையில்லாத் திண்டாட்டமாகப் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் புயல் அடங்கும்.

இதே காரணத்தால்தான் கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே வரலாற்றுப் பாடங்களாக அள்ளிப் போடாதீர்கள் என்று சொல்கிறேன். முதல் இரண்டு ஆண்டில் எடுக்கும் கூடுதல் வரலாற்றுப் பாடங்கள் பெரும்பாலும் மேல்நிலைத் தேவையைக் குறைக்காது. அந்த இடத்தில் ஒரு மொழியை எடுங்கள். ஸ்பானிஷோ, பிரெஞ்சோ, மாண்டரினோ, யூனிட்டுக்கு 46 டாலரில் நான்கு செமஸ்டர் படித்துவிட்டு வந்தால், பல்கலைக்கழகத்தில் அந்த மொழியின் ஆவணங்களை நேராகத் தொடலாம். மெக்சிகோவைப் பற்றி எழுத வந்துவிட்டு ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு ஆண்டு போதாது. பொதுப்பாடங்களை கால்கெட்சி என்னும் புதிய தொகுப்பின்படி முடித்துவிட்டால் யு.சி., சி.எஸ்.யு. இரண்டுக்கும் அது செல்லும். 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய இரண்டு தொகுப்புகளுக்குப் பதில் இது ஒன்றுதான். இதில் மேடைப்பேச்சுப் பாடம் ஒன்று சேர்ந்திருப்பதை மறந்துவிடாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்று மாணவர்களைச் சேர்க்கிறது. கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்து, மீதித் தொகை யு.சி. செலவுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பேசலாம். ஸ்டான்ஃபோர்டு சேர்க்கும் மாற்று மாணவர்கள் மிகச் சிலர்; விண்ணப்பிப்பது உங்கள் விருப்பம், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வரலாற்றுப் பட்டத்துக்காகக் கடன் வாங்கித் தனியாருக்குப் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பெற்றோரின் வேலை விசாவை ஒட்டி வரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தேதி நிற்கிறது: அந்த விசாவுக்கான தகுதி முடியும் இருபத்தோராம் பிறந்தநாள். மாறிச் சேரும் மாணவருக்கு அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ, படிப்பின் நட்டநடுவில் வந்து விழும். எச்-4இல் இருக்கும்வரை, ஓராண்டுக்கும் மேல் மாநிலத்தில் வசித்து இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்துக்குச் சான்று காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் பெற வழியுண்டு. கூட்டாட்சி அரசின் கல்வி உதவி எப்படியும் கிடையாது. இருபத்தொன்றில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற நேர்ந்தால் மாநிலவாசித் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். யு.சி.யில் 2025-26இல் சேரும் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் 37,602 டாலர். சி.எஸ்.யு.வில் அந்தக் கூடுதல் சுமை அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு, வரலாற்றுத் துறையின் தரம் என்ற கேள்வியை விசாக் கேள்வி விழுங்கிவிடும். டேக் போடுவதற்கு முன்பே, போகவிருக்கும் வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் பதிலை வைத்து 37,000 டாலர் முடிவு எடுக்கக் கூடாது.

என் தேர்வு என்னவென்று கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். பள்ளி ஆசிரியராகப் போகிறவர், வீட்டோடு இருந்து படிக்க வேண்டியவர், விசாத் தேதி நெருங்குபவர்: சி.எஸ்.யு., அதுவும் ஏ.டி.டி. பட்டத்தோடு. சட்டக் கல்லூரிக்குப் போகும் எண்ணத்தில் வரலாறு படிப்பவர்: டேக் வளாகங்களில் ஒன்று. சட்டக் கல்லூரி பார்ப்பது ஜி.பி.ஏ.வையும் நுழைவுத் தேர்வையும்தான். இரவு பகல் போட்டி நிலவும் இடத்தில் போய் 3.3 வாங்குவதைவிட, பேராசிரியர் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் 3.8 வாங்குவது மேல். அருங்காட்சியகம், காப்பகம் என்று போக விரும்புபவர்: சான்டா பார்பரா, இல்லையென்றால் ஃபுல்லர்ட்டன். எதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டாம் ஆண்டிலேயே சொல்லத் தெரிந்த, ஒரு மொழியையும் கையில் வைத்திருக்கும் மாணவர்: பெர்க்லி, அதற்குப் பின்துணையாக டேவிஸுக்கு டேக். இன்னும் தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு ஆறு பருவம் தரும் குவார்ட்டர் வளாகம் எதுவானாலும் சரி, முதல் பருவத்தில் குறைந்தபட்ச யூனிட்டோடு இறங்க வேண்டும்.

டேக் படிவம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. யு.சி. விண்ணப்பம் அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் கடைசி வரை, சி.எஸ்.யு.வும் ஏறத்தாழ அதே காலம். யு.சி. விண்ணப்பத்தின் குறுங்கட்டுரைகள் நான்கில், மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி மாற்று மாணவருக்குக் கட்டாயம். ‘சிறு வயது முதல் வரலாற்றில் ஆர்வம்’ என்று தொடங்காமல், படித்த ஒரு மூல ஆவணத்தைப் பற்றி எழுதுங்கள். ஜனவரியில் மதிப்பெண் புதுப்பிப்புப் படிவம் ஒன்று வரும். அதைக் கவனிக்காமல் விட்டு இடத்தை இழப்பவர்களும் உண்டு. முடிவுகள் ஏப்ரலுக்குள் வந்துவிடும், ஜூன் 1க்குள் பதில் சொல்ல வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த ஒரு மாதத்தில் இடம் கிடைத்த வளாகங்களின் வரலாற்றுத் துறை ஆலோசகரை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். மாற்று மாணவர் முதல் பருவத்திலேயே கருத்தரங்கில் சேர முடியுமா? என் ஈடுபாட்டுத் துறையின் பேராசிரியர் அடுத்த இரண்டு ஆண்டில் விடுப்பில் போகிறாரா? மாற்று மாணவர்கள் ஆனர்ஸ் ஆய்வேடு எழுத இடம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அடுத்த வளாகத்துக்கு போன் போடுங்கள்.